தீர்ப்புக்கு முந்தின நாள் லட்டு

புதிதாக நிருபர் வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு உபயோகமாக நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று சங்கத்துத் தம்பிகள் கேட்டார்கள். உபயோகமான வார்த்தைகள் என்னிடம் நாலு இருந்திருந்தால் நான் இத்தனை வருஷமும் தாலுகா நிருபராகவே காலத்தை ஓட்டியிருக்க மாட்டேன். இதை அவர்கள் யோசிக்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. கேட்கிற ஆள் கிடைப்பதே அபூர்வமாகிவிட்ட வயது எனக்கு.

செய்தியை எப்படித் தொடங்குவது, எப்படி முடிப்பது என்பதெல்லாம் இதில் இருக்காது. அது உங்களுக்கு என்னைவிட நன்றாக வருகிறது, படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நான் சொல்லப்போவது ஒரு லட்டு டப்பாவைப் பற்றி.

அதற்கு முன்னால் என்னைத் தொழிலுக்குக் கொண்டுவந்த மூத்த நிருபரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். அவருக்கே பெயர் போட்டு எழுதுவது பிடிக்காது. யாரைப் பற்றி எழுதினாலும் ‘அப்பகுதியைச் சேர்ந்த ஒருவர்’ என்றுதான் எழுதுவார், வழக்கு வராது என்பது அவர் கணக்கு. ஆகவே அவரும் இங்கே அப்பகுதியைச் சேர்ந்த ஒருவராகவே இருக்கட்டும்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடை பெஞ்சுதான் அவர் ஆபீஸ். அங்கே உட்கார்ந்தால் எந்த ஊர் பஸ் கிளம்புகிறது என்று தெரியும். அந்தக் காலத்தில் நமக்குச் செய்தியைவிட பஸ் முக்கியம். பிலிம் ரோலைக் காகிதத்தில் சுற்றி, நூல் கட்டி, விலாசம் எழுதிக் கண்டக்டர் கையில் கொடுக்க வேண்டும். பதிப்பு ஆபீஸ் இருக்கிற ஊரில் ஒரு ஆள் நின்று வாங்கிக்கொள்வார். எந்தக் கண்டக்டர் மறந்துபோய்த் திரும்பி எடுத்துக்கொண்டு வந்துவிடுவார், எந்தக் கண்டக்டர் மழை பெய்தால் ரோலைத் தன் பனியனுக்குள் வைத்துக்கொள்வார் என்பதெல்லாம் எங்களுக்கு அத்துப்படி. பனியனுக்குள் வைத்துக்கொள்கிற ஒருவருக்காக இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டுக் காத்திருந்ததுண்டு. இப்போது நீங்கள் நின்ற இடத்திலிருந்தே படத்தை அனுப்பிவிடுகிறீர்கள். சௌகரியம்தான். ஆனால் வேர்வை ஈரத்தோடு போய்ச் சேர்ந்த ஒரு படம் மறுநாள் பேப்பரில் வந்திருப்பதைப் பார்க்கிற சந்தோஷம் உங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை.

ஒருமுறை கரியாலூரில் ஒரு மலர்க் கண்காட்சி. திறப்பு விழா மாலையில். மலையிலிருந்து இறங்கும் கடைசி பஸ் அதற்கு முன்பே கிளம்பிவிடும். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். கூட வந்திருந்த மூத்த நிருபர், எங்கள் பெரியவர், நேராக விருந்தினர் விடுதிக்குப் போனார். சாப்பாட்டுக்கு உட்காரப்போன பிரமுகரை வெளியே அழைத்துவந்து, இரண்டு செவ்வந்திச் செடிகளுக்கு நடுவே ஒரு ரிப்பனைக் கட்டி, “ஒரு தபா வெட்டிடுங்க சார்” என்றார். பிரமுகர் சிரித்தபடி வெட்டினார், சுற்றியிருந்த சமையல்காரர்கள் கைதட்டினார்கள். ரோல் பஸ் ஏறியது. மாலையில் பிடித்த மழையில் பந்தல் சாய்ந்து, விழாவே நடக்கவில்லை. மறுநாள் பேப்பரில் ‘மலைவாழ் மக்கள் திரளாகக் கலந்துகொண்டனர்’ என்று வந்தது. பிரமுகர் ஆள் அனுப்பி நன்றி சொன்னார். அந்த வருஷம் அவர் திறந்துவைத்ததில் குழப்பமில்லாமல் நடந்தது அது ஒன்றுதானாம்.

“நடந்தத எழுதறவன் நாளைக்கி எழுதுவான். நடக்கப்போறத எழுதறவன் இன்னிக்கே பஸ்ல போட்டுடுவான்” என்றார் பெரியவர்.

இதை நான் வேதமாக எடுத்துக்கொண்டேன். தேர்தல் முடிவா, கோர்ட் தீர்ப்பா, முந்தின நாளே போய் இரண்டு தரப்பையும் தனித்தனியாகப் பட்டாசு வெடிக்கவைத்து, இனிப்புக் கொடுக்கவைத்து எடுத்துவிடுவது. ஜெயித்தவர் படம் பேப்பருக்குப் போகும். தோற்றவர் படம் என் டிரங்குப் பெட்டிக்குப் போகும். அந்தப் பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு தாலுகாவே நடக்காத வெற்றிகளுக்காகச் சிரித்துக்கொண்டிருக்கிறது அதில். சில நாட்கள் ஒரு நெகட்டிவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். கறுப்பாகத் தெரியும் பற்களோடு யாரோ ஒருவர் மாலை போட்டுக்கொண்டு நிற்பார். அவர் தோற்று, கடனாளியாகி, பெங்களூருக்குப் போனது எனக்குத் தெரியும். படத்துக்குத் தெரியாது.

இனி லட்டு. இது பிலிம் ரோல் போய், போனிலேயே படம் எடுக்கும் காலம் வந்தபிறகு நடந்தது.

கச்சிராயபாளையத்திலிருந்து டவுன் பஸ் போகும் ஒரு ஊராட்சி. கோமுகி அணை வாய்க்கால் ஊரை மேலத்தெரு, கீழத்தெரு என்று பிரித்துக்கொண்டு ஓடும், நடுவில் ஒரு சின்னப் பாலம். நாட்டுக்கு ஜனாதிபதி தேர்தல் நடந்தால் எங்கள் பக்கத்தில் பலருக்குத் தெரியாமலே முடிந்துவிடும். ஊர் பிரசிடெண்ட் தேர்தல் அப்படியல்ல. அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுவிடும். இந்த ஊரில் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஆகவே இரண்டு ஆண்கள் போட்டியிட்டார்கள். மேலத்தெரு ஏழுமலையின் மனைவிக்குப் பூட்டு சாவிச் சின்னம். கீழத்தெரு முருகேசனின் மனைவிக்குக் கத்தரிக்காய்.

கைவிரலால் எண்ணிவிடக்கூடிய ஓட்டு வித்தியாசத்தில் கத்தரிக்காய் ஜெயித்தது. முத்திரை கோட்டின்மேல் விழுந்ததால் தள்ளப்பட்ட சீட்டுகள் எல்லாம் தங்களுடையவை என்று பூட்டு சாவி கோர்ட்டுக்குப் போனது. விழுப்புரம் கோர்ட் மறுபடி எண்ணச் சொன்னது. மேலத்தெருவில் பட்டாசு. “கோர்ட்டு தான் சார் ஏழைங்களுக்குக் கடைசி நம்பிக்கை” என்றார் ஏழுமலை, டிராக்டரின்மேல் சாய்ந்தபடி. “ஏசி ரூம்ல உக்காந்துக்கினு இருக்கறவங்களுக்கு ஊரப்பத்தி இன்னா தெரியும்?” என்றார் முருகேசன்.

முருகேசன் சென்னைக்குப் போய்த் தடை வாங்கி வந்தார். கீழத்தெருவில் பட்டாசு. “நீதி இன்னும் சாவல சார்” என்றார் முருகேசன். “மெட்ராஸ்ல எது வேணா வாங்கலாம், துட்டு தான் வேணும்” என்றார் ஏழுமலை. பிறகு தடை நீங்கியது. நான் முதல் செய்தியை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றி அனுப்பினேன், ஆபீஸில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதற்குள் ஊரே சட்டம் படித்துவிட்டது. குழாயடியில் குடம் வைத்துக்கொண்டு நின்றவர்கள் “கேவியட்டு போட்டாச்சா?” என்று கேட்டுக்கொண்டார்கள். ஒரே கோர்ட், ஒரே சட்டம். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் தெய்வமாகவும் அந்தப் பக்கம் விலைபோனதாகவும் இருந்தது. அடுத்த தீர்ப்பில் தெய்வம் பாலத்தைக் கடந்து போய்விடும்.

கோர்ட்டிலேயே சீட்டுகளை எண்ணி முடித்தார்கள். எண்ணிக்கை யாருக்கும் தெரியாது. கடைசித் தீர்ப்புக்கு ஒரு நாள் குறித்தார்கள். முந்தின நாள் நான் வழக்கம்போல் கச்சிராயபாளையத்தில் ஒரு டப்பா லட்டு வாங்கிக்கொண்டு போனேன். ஒரே டப்பா, இரண்டு தெருவுக்கும்.

இந்தத் தடவை ஆபீஸில் ஒரு புது நிபந்தனை. பதவி பெண்களுக்கானது என்பதால் படத்தில் பெண்கள் வேண்டும். மேலத்தெருவில் எந்தப் பெண்ணும் வெளியே வரவில்லை. “அவங்கள விடுங்க சார், சோறாக்கிக்கினு இருக்கறாங்க” என்றார் ஏழுமலை. வேட்பாளரே கதவோரம் நின்று, “ஜெயிச்சா வரேன் சார். இப்பமே எதுக்கு சிரிக்கணும்?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். இந்த முழு விவகாரத்தில் நான் கேட்ட ஒரே நியாயமான கேள்வி அது. அப்போது அது எனக்கு இடைஞ்சலாகத்தான் பட்டது.

அந்த நேரத்தில் பச்சையம்மா வந்தாள். இரண்டு தெருவுக்கும் வெளியே, பாலத்தை ஒட்டி வாய்க்கால் கரையில் அவள் வீடு. சொந்த நிலம் கிடையாது. கரும்பு வெட்டுக்கு மேலத்தெரு, நடவுக்குக் கீழத்தெரு, இரண்டும் சேர்ந்தால்தான் அவளுக்கு ஒரு வருஷம் ஓடும். கரும்புச் சோகைக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தவள் நின்றாள்.

“இன்னா சார், யார் வூட்ல கல்யாணம்?”

“தீர்ப்பு” என்றேன்.

“அது நாளைக்கில்ல?”

“போட்டோ இன்னைக்கி.”

“அப்ப நாளைக்கி லட்டு இல்லியா?” என்று கேட்டாள். கட்டை இறக்கி வைத்துவிட்டு என் கையிலிருந்த டப்பாவை வாங்கிக்கொண்டாள். “எங்க நிக்கணும் சொல்லுங்க.”

ஏழுமலை வாயில் ஒரு லட்டை ஊட்டச் சொன்னேன். லட்டு உடைந்து அவர் மீசையெல்லாம் பூந்தி. அதைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, முகம் முழுக்க, கண் முழுக்க, பின்னால் கல்வராயன் மலை மங்கலாக. நான் எடுத்த படங்களிலேயே நல்ல படம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். அவளிடமும் அப்போதே சொன்னேன். “நீ இதுல அருமையா விழுந்திருக்க பச்சையம்மா.”

டப்பா பாலத்தைத் தாண்டியது. அவளும் கூட வந்தாள், வீடு அந்த வழிதான். கீழத்தெருவிலும் பெண்கள் சமையலில் இருந்தார்கள். அங்கேயும் அவளையே டப்பாவோடு நிறுத்தினேன். “இன்னா சார், டப்பாவுல ரொம்பக் கம்மியா இருக்குது?” என்றார் முருகேசன். கடையில் அவ்வளவுதான் இருந்தது என்றேன். இந்தப் படத்தில் பச்சையம்மா ஒரு லட்டைத் தானே வாயில் போட்டுக்கொண்டு, கன்னம் உப்பி, அரைக்கண் மூடி நிற்கிறாள். “எனக்கு ஒண்ணு அனுப்புங்க சார், சும்மா வச்சிக்கிறேன்” என்று முருகேசன் கேட்டார். அனுப்பினேன்.

இங்கேதான், தம்பிகளே, பிலிமுக்கும் போனுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். பிலிம் இருட்டில் இருந்தது. அதனால் எங்கள் முன்யோசனையும் இருட்டிலேயே இருந்தது. கண்டக்டர் ரோலைத் திறந்து பார்த்து ஊருக்கெல்லாம் காட்டமாட்டார்.

மறுநாள் காலை விழுப்புரம் கோர்ட்டுக்குப் போக பஸ் ஏறினேன். தியாகதுருகத்தில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியே மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. டிவி சேனலில் இருக்கும் ஒரு பையன், என்னிடம் கொஞ்ச நாள் தொழில் கற்றவன்.

“அண்ணா, முருகேசன் ஸ்டேட்டஸ் பாத்தீங்களா? லட்டு குடுக்கற போட்டோ. கீழ ‘தர்மம் வென்றது’ன்னு போட்டு வச்சிருக்காரு. நேத்து ராத்திரியே போட்டிருக்காரு. மேலத்தெரு பூரா பாலத்துல நிக்குதுண்ணா. ஜட்ஜ வாங்கிட்டாங்க, அதான் முன்னாடியே தெரிஞ்சிருக்குதுன்னு சொல்லிக்கினு இருக்காங்க. நான் கேமராவோட போய்க்கினு இருக்கறேன்.”

பஸ்ஸிலிருந்து இறங்கினேன். தீர்ப்பு என்னைக் கேட்டு வரப்போவதில்லை. பாலத்தில் நடப்பதோ என் லட்டினால் வந்தது. எதிர்த் திசை பஸ்ஸைப் பிடித்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பாலத்தின் ஒரு முனையில் மேலத்தெரு, மறுமுனையில் கீழத்தெரு. நடுவில் ஒரு போலீஸ்காரர், கையில் லத்தி, முகத்தில் லீவு கேட்கும் பாவனை. ஏழுமலை போனைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

“பாருங்க சார். இன்னைக்கி வரப்போற தீர்ப்புக்கு நேத்தே லட்டு. எப்டி தெரியும் இவங்களுக்கு? சொல்லுங்க.”

அவரைத் தனியே இழுத்தேன். “ஏழுமலை, நேத்து உங்க மீசையிலயும் பூந்தி ஒட்டிச்சி, ஞாபகம் இருக்கா? அந்தப் படத்தையும் நான்தான் எடுத்தேன்.”

அவர் கொஞ்சம்கூட அசரவில்லை. “அது வேற சார். நாங்க எடுத்தது நம்பிக்கையில எடுத்தது. அவங்க எடுத்தது தெரிஞ்சி எடுத்தது.”

அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் விசேஷம். உண்மையாகவே நம்பினார்.

“அப்புறம் இவ” என்று கையை நீட்டினார். பச்சையம்மா பாலத்துக் கட்டையை ஒட்டி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். “இங்க நின்னு ஊட்டிட்டு அங்கயும் போயி நின்னிருக்கா. இவ நம்ம வூட்டு ஆளா அவங்க வூட்டு ஆளா? இனிமே கரும்பு வெட்டுக்கு வரவேணாம்னு சொல்லிட்டேன்.”

அதை அவர் மெதுவாகத்தான் சொன்னார். மேலத்தெருவும் படம் எடுத்தது கீழத்தெருவுக்குத் தெரியக்கூடாதே.

சேனல் பையன் என் சட்டையைப் பிடித்தான். “அண்ணா, மேலத்தெரு போட்டோ உங்க போன்ல இருக்குது இல்ல? குடுங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போடுறேன். ஊரே சிரிச்சிடும். பிரச்சினை அத்தோட முடிஞ்சிது.”

அவன் சொன்னது சரி. நானே அவனுக்குக் கற்றுக்கொடுத்த சரி. போனை எடுத்தேன். படத்தைத் திறந்தேன். ஏழுமலையின் மீசை, லட்டு, நடுவில் பச்சையம்மா.

அவள் பக்கத்தில் வந்து எட்டிப்பார்த்தாள். தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இத காட்டப்போறீங்களா சார்?”

“காட்டினா எல்லாரும் அடங்கிடுவாங்க.”

“அடங்கிடுவாங்க. மேலத்தெரு வேலை இப்பமே போச்சி. இது தெரிஞ்சா முருகேசன் நடவுக்கும் கூப்புட மாட்டாரு. அப்புறம் நான் மலைக்கு மேலதான் போவணும், மரவள்ளி புடுங்க.” அவள் கெஞ்சவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னாள்.

ஆபீஸிலிருந்து போன் வந்தது, எடுக்கவில்லை. இரண்டு முனையிலும் சத்தம் ஏறிக்கொண்டிருந்தது. யாரோ வாய்க்கால் ஓரத்தில் விளைந்து நிற்கும் கரும்பைக் காட்டி நெருப்பு என்று பேசுவது காதில் விழுந்தது. இந்த மாதிரி நேரத்தில் யோசிக்க எவ்வளவு அவகாசம் கிடைக்கும் என்று கேட்பீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாலத்துக் கட்டைமேல் ஏறுகிற அளவுக்குக் கிடைக்கும். என் உடல்வாகுக்கு அது கொஞ்சம் அதிகமாகவே கிடைத்தது. பின்னாலிருந்து போலீஸ்காரர் தள்ளிவிட்டார்.

“கேமராவ போடு” என்று பையனிடம் சொல்லிவிட்டுப் பேசினேன். “அந்த லட்டு நான் வாங்கினது. அந்தப் போட்டோ நான் எடுத்தது. தீர்ப்பு யாருக்கும் தெரியாது. எந்தப் பக்கம் ஜெயிச்சாலும் படம் வேணும்னு நேத்தே ரெண்டு தெருவுலயும் எடுத்து வச்சேன். எங்க தொழில்ல இது பழக்கம். டப்பா புடிச்சிக்கினு நிக்கற அம்மா கட்சி கட்டிக்கினு நிக்கல. நான்தான் கூப்ட்டு நிக்கவச்சேன். கோவப்படறதா இருந்தா என்மேல படுங்க.”

அவள் மேலத்தெருப் படத்திலும் இருக்கிறாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. யாராவது கேட்டால் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை, அவர்களுக்கு வேறு வேலை வந்துவிட்டது. மேலத்தெருவிலிருந்து ஒரு கரும்புத் துண்டு பறந்து வந்து என் தோளில் பட்டது. கீழத்தெருவிலிருந்து, “பத்திரிகைக்காரனுங்களே இப்டித்தான்யா” என்று ஒரு குரல். மேலத்தெரு அதை ஆமோதித்தது. தேர்தலுக்குப் பிறகு இரண்டு தெருவும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. ஏதோ ஒரு பக்கம் போக வேண்டிய கோபம் என் பக்கம் வந்தது, அகலமான இடமாக இருந்ததால் தாங்கிக்கொண்டது.

ஏழுமலை பச்சையம்மாவைப் பார்த்து, “டப்பா புடிக்கத்தான் போனியா? முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?” என்றார். எங்கள் பக்கத்தில் அதற்கு நாளைக்கு வேலைக்கு வா என்று அர்த்தம்.

மதியம் தீர்ப்பு வந்தது. பூட்டு சாவி ஜெயித்தது.

நான் பஸ் நிறுத்தத்துக் கடையில் டீ சொல்லியிருந்தேன். டீ வருவதற்குள் மேலத்தெருவில் நீதி உயிரோடு எழுந்து உட்கார்ந்துவிட்டது. காலையில் விலைபோன ஜட்ஜ் இப்போது தெய்வம். டீயைக் குடித்து முடிப்பதற்குள் முருகேசன் பத்துப் பேரோடு வந்து என் பெஞ்சைச் சூழ்ந்தார்.

“சார், காலைல பாலத்துமேல நின்னு சொன்னீங்க இல்ல, மேலத்தெருவுலயும் நேத்தே போட்டோ எடுத்தேன்னு?”

“சொன்னேன்.”

“அப்ப அவங்களுக்குத்தான் முன்னாடியே தெரிஞ்சிருக்குது. ஜட்ஜ வாங்கினது அவங்க. அந்தப் போட்டோவ குடுங்க. மேல்கோர்ட்ல வக்கீல் கேக்கறாரு.”

“முருகேசன், நீங்களும் தானே லட்டு சாப்புட்டீங்க?”

“நாங்க சாப்புட்டது நம்பிக்கையில சார்.”

எனக்கு டீ புரையேறியது. ஊர் அடங்க வேண்டும் என்று நான் சொன்ன உண்மையை, நான்கு மணி நேரம்கூட ஆகவில்லை, எதிர்த்தரப்பு சாட்சியாக்கிவிட்டது. முருகேசன் கையை நீட்டியபடி நின்றார். “குடுக்கலன்னா நீங்க அவங்க ஆளுன்னு தான் அர்த்தம்” என்றார் பக்கத்திலிருந்தவர்.

குடிக்கத் தண்ணீர் எடுக்கிற சாக்கில் கடைக்குப் பின்னால் போனேன். படத்தை ஒருமுறை பார்த்தேன். அழித்தேன். நிச்சயமாக அழிக்கவா என்று போன் கேட்டது. ஆமாம் என்றேன். பிறகு குப்பைத்தொட்டிக்குள் போய் அங்கேயும் அழித்தேன், அங்கேயும் அது கேட்டது. நெகட்டிவ் எந்தக் காலத்திலும் என்னை இப்படி இரண்டு தடவை கேட்டதில்லை. திரும்பி வந்து போனை முருகேசன் கையிலேயே கொடுத்தேன். “தேடிப் பாத்துக்குங்க” என்றேன். தேடினார்கள். என் மாமனாரின் எண்பதாம் கல்யாணப் படங்கள்வரை தேடினார்கள்.

ஆதாரத்தை அழித்தவன் என்று என்னை நீங்கள் சொல்லலாம். எந்தக் குற்றத்துக்கு ஆதாரம் என்பதைத்தான் நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தாலுகா நிருபரின் சோம்பலுக்கு அது ஆதாரம். அதை எந்தக் கோர்ட்டிலும் நானே ஒத்துக்கொள்வேன்.

என் பாலத்துப் பேச்சு அன்று மாலை வரை சேனலில் ஓடியது. ‘எங்க தொழில்ல இது பழக்கம்’ என்ற இடத்தை மட்டும் வெட்டித் திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஆபீஸிலிருந்து ரொம்ப மரியாதையாகப் பேசினார்கள். “நீங்க கொஞ்ச நாள் ஓய்வெடுங்க சார்” என்றார்கள். எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்காக வருத்தமில்லை. பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்து எந்த பஸ் எப்போது கிளம்புகிறது என்று இன்னமும் பார்க்கிறேன். கொடுக்க ரோல் இல்லை. பனியனுக்குள் வைத்துக்கொண்டு போன கண்டக்டர் போன வருஷம் இறந்துபோனார். பெரியவர் அதற்கு ரொம்ப முன்னாலேயே போய்விட்டார். இரங்கல் செய்தியில் அவர் பெயரை நான் போட்டேன். அவருக்குப் பிடித்திருக்காது.

உங்களுக்கு என்ன சொல்வது? முன்கூட்டியே படம் எடுக்காதீர்கள் என்று சொன்னால் கேட்கமாட்டீர்கள். நானும் கேட்டிருக்க மாட்டேன். படத்தை அனுப்பும் முன் அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள். மாலை போட்டவர்களை விடுங்கள், அவர்கள் எப்படியும் பிழைத்துக்கொள்வார்கள். டப்பா பிடித்துக்கொண்டு நிற்பது யார் என்று பாருங்கள்.

போன மாதம் கரியாலூருக்குப் போகலாமென்று கிளம்பி, கச்சிராயபாளையத்தில் மலை பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எதிரே கரும்பு லாரிப் பக்கத்தில் வெட்டு ஆட்கள். அதிலிருந்து பச்சையம்மா வந்தாள், அரிவாளை இடுப்புத் துணியில் செருகிக்கொண்டு.

“இன்னா நிருபர் சார், ஆளே காணோம். டிவில ஒரு நாள் வந்தீங்க, அத்தோட சரி.”

வேலை எப்படி என்று கேட்டேன். மேலத்தெருவில் வெட்டு நடக்கிறது, முடிந்ததும் கீழத்தெருவில் நடவுக்கு முருகேசன் சொல்லிவைத்திருக்கிறார் என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள். எனக்குத் தெரிந்து அவள் தயங்கியது அப்போதுதான்.

“சார், அந்த மொதல் போட்டோ. அருமையா விழுந்திருக்கன்னு சொன்னீங்களே. அத ஒண்ணு கழுவிக் குடுங்க. ஊர்ல எல்லார் போன்லயும் நான் லட்டத் தின்னுக்கினு குரங்கு மாதிரி நிக்கறதுதான் இருக்குது. நல்லா சிரிச்சாப்ல எனக்குன்னு ஒரு போட்டோ இல்ல.”

வீட்டில் என் டிரங்குப் பெட்டியில், தோற்றுப்போன அத்தனை பேரின் சந்தோஷமும் பத்திரமாக இருக்கிறது. அதில் இல்லாதது அது ஒன்றுதான்.

“அது இல்ல பச்சையம்மா. அன்னைக்கே அழிச்சிட்டேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். “ஓ” என்றாள்.

“இப்ப ஒண்ணு எடுக்கறேன்” என்று அவசரமாகப் போனை எடுத்தேன். “அப்டியே நில்லு. மலை பின்னாடி நல்லா தெரியுது.”

அவள் தலையைத் துடைத்துக்கொண்டு நேராக நின்றாள், ரேஷன் கார்டுக்கு நிற்பதுபோல்.

“சிரி பச்சையம்மா.”

“முருகேசன் மறுபடி மெட்ராஸ் கோர்ட்டுக்குப் போயிருக்காரு சார்” என்றாள், முகத்தை அசைக்காமல். “அந்தத் தீர்ப்பு வரட்டும். அப்ப சிரிக்கிறேன்.”

மலை பஸ் வந்தது. அதற்குள் நான் எடுத்துவிட்டேன். சிரிக்காத அந்தப் படம் என் போனில் இருக்கிறது.